பறப்பதும் இருப்பதும்

வணக்கம் சார்,

2010-இல் ஒபாமா கொண்டுவந்த அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றிய உங்கள் கட்டுரையில் செனட்டர் எட்வர்ட் கென்னடியை 'அந்தச் சட்டத்தின் தாத்தா' என்று எழுதியிருந்தீர்கள். மகள் வீட்டுக்கு நியூ ஜெர்சி வந்திருக்கும் நான், சாப்பிடும்போது அதை வாசித்துக் காட்டினேன். ரகளையாகிவிட்டது. மருமகன் கென்னடி பக்கம். காலேஜில் படிக்கும் பேத்தியோ, "தாத்தா, எல்லாருக்கும் அரசாங்கமே காப்பீடு தரணும்னு காலமெல்லாம் பேசிட்டு, கடைசியில இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கிற சட்டத்துக்குத்தான் அவர் வழி பண்ணினார்" என்கிறாள். ஒரு பெண்ணைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தவரைப் பெரிய மனிதர் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்றும் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பேத்தி கெட்டிக்காரி. ஆனால் சமரசம் செய்துகொண்டதற்காகக் கென்னடி வருந்தியதாகத் தெரியவில்லை. ஒருமுறை செய்துகொள்ளாமல் விட்டதற்காகத்தான் வருந்தினார்.

1971-இல் குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் ஒரு திட்டம் வைத்தார். முதலாளிகள் தொழிலாளர்களுக்குக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும், ஏழைகளுக்கு அரசு கைகொடுக்கும். கென்னடி அப்போது பேத்தியின் கட்சி. எல்லோருக்கும் அரசின் ஒரே காப்பீடு, நடுவில் கம்பெனிகள் கூடாது என்று எதிர்த்து நின்றார். 1974-இல் நிக்சன் இன்னும் தாராளமான திட்டத்தோடு வந்தார். கென்னடியும் இறங்கிவந்து, கீழவையில் வரிக் குழுத் தலைவராக இருந்த வில்பர் மில்ஸோடு சேர்ந்து நடுவழியாக ஒரு மசோதா கொண்டுவந்தார். அவரைக் கைவிட்டது தொழிற்சங்கங்கள்தான். வாட்டர்கேட் ஊழலில் நிக்சன் மூழ்கிக்கொண்டிருக்கிறார், நவம்பர் தேர்தலில் நம் ஜனநாயகக் கட்சி ஆட்கள் அள்ளிக்கொண்டு வருவார்கள், அப்புறம் கேட்டதெல்லாம் கிடைக்கும், இப்போது எதற்கு அரைகுறை என்பது அவர்கள் கணக்கு. ஆகஸ்டில் நிக்சன் ராஜினாமா செய்தார். அக்டோபரில் ஒரு நள்ளிரவு மில்ஸின் காரைப் போலீஸ் நிறுத்த, கூட இருந்த நடனக்காரி இறங்கி ஓடிப் பக்கத்து நீர்நிலையில் குதிக்க, மில்ஸின் செல்வாக்கும் கூடவே குதித்தது. நவம்பரில் சங்கங்கள் சொன்னபடியே பெரும்பான்மை வந்தது. காப்பீடு வரவில்லை.

பறக்கிறதைப் பார்த்து இருக்கிறதை விட்ட கதை. 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தையும் நிக்சனின் 1974 திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் 36 வருடம். அத்தனை வருடம் காப்பீடில்லாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களைப் பேத்தி கணக்கில் சேர்க்க வேண்டும்.

கென்னடிக்கு அவர்கள் முகம் தெரியும். 1973-இல் அவருடைய 12 வயது மகனுக்கு எலும்புப் புற்றுநோய் வந்து ஒரு காலை எடுத்தார்கள். பிறகு நீண்ட நாள் சிகிச்சை. பணக்காரப் பிள்ளைக்குக் கவலையில்லை. அதே வார்டில் வேறு பெற்றோர்கள் டாக்டரிடம், வீட்டை விற்றாலும் பாதித் தவணைக்குத்தான் காசு தேறும், பாதியோடு நிறுத்தினால் பிள்ளை பிழைக்குமா என்று கேட்டதைக் கென்னடி காதால் கேட்டார். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1974-க்குப் பிறகு மெல்ல மெல்ல அவர் வேலை செய்யும் விதம் மாறியது. மேடையில் முழக்கம் அப்படியே இருக்கும். குழு அறைக்குள் போனால் கிடைத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார், அடுத்த வருடம் மிச்சத்துக்கு வந்து நிற்பார். 1997-இல் குழந்தைகள் காப்பீட்டுத் திட்டம் அப்படி வந்ததுதான். கூட்டாளி யூட்டா மாநிலத்தின் ஆரின் ஹாட்ச், வாஷிங்டனுக்கு வந்ததே கென்னடியோடு சண்டை போடத்தான் என்று சொன்ன பழமைவாதி. காசுக்கு சிகரெட் மேல் வரி போட்டார்கள். குடிக்காத, புகைக்காத மார்மன் மதப்பிரிவைச் சேர்ந்த ஹாட்சுக்கு அதில் என்ன கஷ்டம்!

2008 மே மாதம் மூளையில் கட்டி என்று தெரிந்தது. ஜூனில் அறுவை. அந்த நேரம் பார்த்து, முதியோர் மருத்துவத் திட்டத்தில் டாக்டர்களின் கட்டணம் வெட்டுப்படாமல் காக்கும் மசோதா செனட்டில் நின்றுபோனது. அங்கே பேசிப் பேசியே முடக்கிவிடலாம், உடைக்க 60 ஓட்டு வேண்டும். ஒரு ஓட்டுக் குறைந்தது. ஜூலை 9 அன்று, சிகிச்சை நடுவில், யாரும் எதிர்பாராமல் கென்னடி அவைக்குள் நடந்து வந்தார். இரண்டு கட்சியும் எழுந்து நின்று கைதட்டியது. அவர் கட்டைவிரலை உயர்த்தி "ஆம்" என்றார். முன்பு எதிர்த்தவர்களில் சிலர் அங்கேயே மனம் மாறினார்கள். முடிவு 69-30. நான் நாடகத்துக்கு மயங்குகிற ஆள், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து நடந்தது அவ்வளவு அழகில்லை. செனட் இடம் காலியானால் நிரப்புகிற அதிகாரம் மாசசூசெட்ஸ் ஆளுநரிடம் இருந்தது. 2004-இல் ஆளுநர் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி. அவர் கையில் ஓர் இடம் போகக்கூடாது என்று ஜனநாயகக் கட்சியினர், கென்னடியின் துணையோடு, அதிகாரத்தைப் பறித்து இடைத்தேர்தல்தான் என்று சட்டத்தை மாற்றினார்கள். 2009-இல் ஆளுநர் சொந்தக் கட்சி. மரணப் படுக்கையிலிருந்து கென்னடி, தற்காலிகமாக ஒருவரை நியமிக்க வழிசெய்யுங்கள் என்று கடிதம் அனுப்பினார். ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 25 அன்று, இறந்தார். சட்டம் மறுபடி வளைந்தது, பால் கர்க் நியமனமானார். டிசம்பர் 24 காலை ஒபாமாவின் காப்பீட்டு மசோதாவுக்குச் செனட்டில் சரியாக 60 ஓட்டு விழுந்தது. 92 வயது செனட்டர் ராபர்ட் பேர்ட் சக்கர நாற்காலியிலிருந்து, இது என் நண்பர் டெட் கென்னடிக்காக என்று சொல்லி ஓட்டளித்தார்.

கென்னடி தலைவராக இருந்த குழு 2009 ஜூலையில் நிறைவேற்றிய மசோதாவில் அரசுக் காப்பீடும் ஒரு தேர்வாக இருந்தது. அறுபதாவது ஓட்டைப் பிடிப்பதற்காக டிசம்பரில் அதை வெட்டினார்கள். ஜனவரி 19 இடைத்தேர்தலில் கென்னடியின் இடத்தையே குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் ஜெயித்துவிட்டார். இனி அறுபது இல்லை. கீழவை செனட் மசோதாவை அப்படியே விழுங்க வேண்டியதாயிற்று, 219-212. பேத்தியின் கோபத்தில் பாதி நியாயம் இங்கே இருக்கிறது. ஆனால் வெட்டிய கை கென்னடியுடையது அல்ல, அவர் அப்போது ஆர்லிங்டன் மயானத்தில் இருந்தார். உயிரோடிருந்தால் வெட்டியிருப்பாரா? 1974 ஞாபகம் இருந்தவர், வெட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

மருமகனுக்கு ஒரு தகவல். 1965-க்கு முன் இந்தியாவுக்கு அமெரிக்கா ஒதுக்கிய குடியேற்ற இடம் ஆண்டுக்கு 100. அதை உடைத்த மசோதாவைச் செனட்டில் நடத்திக் கொடுத்தவர் 33 வயது கென்னடி. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேர் வந்து நம் நகரங்களை நிறைக்கப்போவதில்லை என்று செனட் துணைக்குழு விசாரணையில் உறுதியும் சொன்னார். ஜோசியம் அவருக்கு வரவில்லை, நல்லவேளை.

இரண்டாவது கேள்வியைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். 1969 ஜூலை 18 இரவு, சாப்பாக்விடிக் தீவில் அவர் ஓட்டிய கார் பாலத்திலிருந்து நீரில் விழுந்தது. அவர் வெளியே வந்தார். காரில் கூட இருந்த மேரி ஜோ கோபெக்னி வரவில்லை. போலீசுக்குச் சொன்னது ஏறக்குறைய பத்து மணி நேரம் கழித்து. தண்டனை இரண்டு மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. கென்னடி என்கிற பெயர் இல்லாத ஒருவருக்கு இது இப்படி முடிந்திருக்காது. தன் நடத்தைக்கு மன்னிப்பே இல்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். குழந்தைகள் காப்பீட்டைத் தராசின் மறுதட்டில் வைத்து இதைக் கழித்துவிடலாம் என்று நான் பேத்தியிடம் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு 28 வயது. பெற்றோருக்கு ஒரே பிள்ளை.