சொல்லுக்கு எத்தனை பைசா? எழுதிச் சம்பாதிக்க நினைக்கும் மகளைப் பற்றிக் கேட்டவருக்கு

பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், ஆன்லைனில் எழுதிக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறேன் என்கிறாள். விடலாமா, படிப்பு கெடுமா, யாராவது ஏமாற்றிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விடலாம். ஆனால் ‘வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை, பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததாகச் சொல்கிறீர்களே, அந்தப் பணத்தை மட்டும் கட்டாதீர்கள்.

அந்த வேலை எப்படிப் போகும் என்றால், மங்கலான படக்கோப்புகளை அனுப்பிப் பத்து நாளில் ஐந்நூறு பக்கம் அடிக்கச் சொல்வார்கள். 95 சதவீதம் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. எவ்வளவு கவனமாக அடித்தாலும் ‘தேறவில்லை’ என்றே பதில் வரும். இரண்டு நாள் கழித்து ஒப்பந்தத்தை மீறியதாக வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று மின்னஞ்சலில் வரும்: இத்தனை ஆயிரம் கட்டு, இல்லையென்றால் கோர்ட்டுக்கு வா. பயந்துபோய்க் கட்டுகிறவர்களின் பணம்தான் அவர்களுக்கு வருமானம். ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் வெட்கப்படாமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான அரசு எண் அது. நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்திப் பிடிப்பது கடினம்.

இதன் தம்பி ஒன்று உண்டு. ‘உன் கணக்கில் பணம் போடுகிறோம், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை இன்னொரு கணக்குக்கு அனுப்பு’ என்பார்கள். அது திருட்டுப் பணம். போலீஸ் முதலில் முடக்குவது உங்கள் மகளின் கணக்கைத்தான். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை என்பதையும் அவளிடம் சொல்லிவையுங்கள். அந்த ரகசிய எண்ணைக் கேட்டால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.

இனி நிஜமான வேலைக்கு வருவோம். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த கல்லூரி மாணவிக்கு ஓரளவு சீக்கிரம் காசு தருவது இரண்டு: சிறு நிறுவனங்களுக்கு இணையக் கட்டுரையோ பொருள் விவரமோ எழுதுவது ஒன்று, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் இன்னொன்று. இரண்டிலும் கூலி பெரும்பாலும் சொல் கணக்குதான். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

600 சொல் கட்டுரை, சொல்லுக்கு 50 பைசா என்று வைத்துக்கொள்வோம். 300 ரூபாய். ஒரு மணி நேரம் விஷயம் தேட, இரண்டு மணி நேரம் எழுத, ஒரு மணி நேரம் திருத்த. ஆக, மணிக்கு 75 ரூபாய். அவர்கள் ‘கொஞ்சம் மாற்றிக் கொடுங்களேன்’ என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினால் அது 50 ரூபாய்க்கு இறங்கிவிடும். ஆகவே வேலையை ஒப்புக்கொள்ளும்போதே ‘ஒரு தடவை திருத்தித் தருவேன், அதற்கு மேல் தனிக் கூலி’ என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும். முதல் பத்து வேலைக்கும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள். சொல்லுக்கு எவ்வளவு என்பதைவிட மணிக்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் எந்த வாடிக்கையாளரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று தெரியும்.

தமிழாக்கத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘ஐ டிட் நாட் கோ டு ஸ்கூல்’ என்பது ஆங்கிலத்தில் ஆறு சொல். ‘நான் பள்ளிக்குப் போகவில்லை’ என்பது மூன்றே சொல். வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் தமிழில் எண்ணிக்கை பெரும்பாலும் சுருங்கும். ஆயிரம் ஆங்கிலச் சொல் தமிழில் எழுநூறாகக் குறைந்தது என்று வையுங்கள். 60 பைசா வீதம் மூலத்தை எண்ணினால் 600 ரூபாய், தமிழை எண்ணினால் 420 ரூபாய். உழைப்பு ஒன்றுதான், 180 ரூபாய் காணாமல் போகிறது. மூலச் சொல்லுக்குக் கூலியா, தமிழ்ச் சொல்லுக்கா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிட வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் நல்ல வாடிக்கையாளர் இல்லை.

மெஷின்தான் மொழிபெயர்த்துவிடுகிறதே, இனி யார் காசு கொடுப்பார்கள் என்பீர்கள். மெஷின் செய்ததைத் திருத்தித் தரும் வேலையே இப்போது நிறைய வருகிறது, கூலி அதற்குக் குறைவு. ‘அப்ளை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் ‘கிரீமை முகத்தில் விண்ணப்பிக்கவும்’ என்று வந்து நிற்கும். அது கண்ணில் பட்டு உடனே ‘தடவவும்’ என்று மாற்றத் தெரிந்தால் இந்த வேலைக்குத் தகுதி. ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் இப்படி இருந்தால் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது சுலபம். அப்போது முழுக் கூலி கேட்க வேண்டும். மறுபக்கம், கட்டுரை கேட்ட இடத்தில் ஏஐ எழுதியதை அப்படியே கொடுப்பது ஆபத்து. இல்லாத தகவலை அது உறுதியாகச் சொல்லும். பெயர் கெடுவது மகளுக்கு.

கைவசம் வேண்டியவை அதிகம் இல்லை. எந்தக் கருவியிலும் தெரியும் பொது எழுத்து முறையான யூனிகோடில் தட்டெழுத வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் இணையதளத்தில் குப்பையாகத் தெரியும். தமிழ்99 விசைப்பலகையைப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவதைவிட விசைகள் குறைவு, விரல் வலிக்காது. ஒற்றுப்பிழைக்கு ‘நாவி’, எழுத்துப்பிழைக்கு ‘வாணி’ என்ற இலவசக் கருவிகள் உண்டு. இரண்டும் எல்லாவற்றையும் பிடிக்காது, ஆனாலும் ‘அதைப் பற்றி’யில் ப் விட்டுப்போவது போன்றவை சிக்கும். பிறகு மூன்று மாதிரிக் கட்டுரைகள், ஒவ்வொன்றும் 400 சொல், மூன்றும் வெவ்வேறு துறையில். கவிதையை மாதிரியாக அனுப்ப வேண்டாம். மளிகைக்கடைக்காரருக்கு அது உதவாது.

‘முதலில் ஒரு சாம்பிள் எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்பது வழக்கம்தான். 250 சொல் வரை இலவசமாகக் கொடுக்கலாம். ஆயிரம் சொல், அதுவும் அவர்கள் தலைப்பில் என்றால், பத்துப் பேரிடம் பத்துச் சாம்பிள் வாங்கித் தளத்தை நிரப்பப் பார்க்கிறார்கள்.

வெளிநாட்டு வேலைத் தளங்களில் ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பத்து டாலர் வேலைக்கு எட்டு டாலர். அதுவும் புதியவருக்கு வேலை முடிந்து 14 நாள் கழித்துத்தான் கைக்கு வரும். அப்வொர்க்கில் விண்ணப்பிக்கவே ‘கனெக்ட்ஸ்’ என்ற டோக்கன்கள் வேண்டும், தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். வேலைக்கு முன் பணம் கேட்பதெல்லாம் மோசடி என்ற விதிக்கு இது ஒரு விலக்கு. எனவே கையில் இருக்கும் கனெக்ட்ஸைக் கண்ட வேலைக்கும் அள்ளி வீசக் கூடாது.

மகளுக்குக் கதை எழுத வரும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூலைச் சொந்தமாக வெளியிடலாம், செலவில்லை, 18 வயது ஆகியிருக்க வேண்டும். உரிமைத்தொகை 35 சதவீதம் அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் ‘கேடிபி செலக்ட்’ என்ற அமேசான் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு அந்தக் கதையின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் தொடராகப் போட்ட கதையை எடுக்காமலே இங்கே சேர்த்துவிட்டுக் கணக்குக்கு எச்சரிக்கை வாங்குவது அடிக்கடி நடக்கிற தவறு. அமேசானின் வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தச் சலுகையைத் தேர்ந்தெடுத்தால் அமெரிக்க விற்பனையில் 15 சதவீதம் பிடிப்பார்கள், இல்லையென்றால் 30. ஏப்ரலில் விற்றதற்கு ஜூன் கடைசியில்தான் பணம் வரும். சொந்த வலைத்தளம் வைத்துக் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் போடுவதும் ஒரு வழி; தமிழுக்கு 2018 முதல் அனுமதி உண்டு. ஆனால் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள், புதுத் தளத்துக்கு அது மிக மெதுவாகச் சேரும். கைச்செலவுக்கு அதை நம்ப வேண்டாம்.

அடுத்தவர் அசைன்மென்ட், புராஜெக்ட் எழுதிக் கொடுக்கும் வேலைக்கு நல்ல காசு வரும். கல்லூரியில் தெரிந்தால் எழுதியவரும் மாட்டுவார். வேண்டாம்.

பான் அட்டை இல்லையென்றால் இப்போதே எடுத்துவிடுங்கள். ஒரே நிறுவனம் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்கலாம். பான் இல்லையென்றால் அது 20. மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்பப் பெறலாம்.

படிப்பைப் பொறுத்தவரை, வாரத்துக்கு எட்டு மணி நேரம், அதில் பெரும்பங்கு சனி ஞாயிறு. செமஸ்டர் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே ‘இந்தத் தேதி வரை வேலை எடுக்க மாட்டேன்’ என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு அரியர் விழுந்தால் மறுதேர்வுக் கட்டணமும் அலைச்சலும் அந்த மாதக் கூலியைத் தின்றுவிடும்.

வேலை முடிந்த அன்றே பில் அனுப்பச் சொல்லுங்கள்: பெயர், தேதி, கட்டுரைத் தலைப்பு, சொல் எண்ணிக்கை, விலை, மொத்தம், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, ‘15 நாளில் செலுத்தவும்’ என்று ஒரு வரி. பதினாறாம் நாள் ஒரு நினைவூட்டல். முதல் பில் தீரும்வரை அதே ஆளுக்கு இரண்டாவது கட்டுரையைத் தொட வேண்டாம்.