கார்டு கையில் இருக்கிறது, லிஸ்ட்டில் பெயர் இல்லை: ஏஜென்டுக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் சொந்த ஊர் சேலம் மாவட்டம் ஆத்தூர். 20 வருடத்துக்கு மேல் பெங்களூரில் இருக்கிறோம். முதலில் அல்சூரில் லீஸ் வீடு. 2021-ல் ராமமூர்த்தி நகருக்கு மாறினோம். 2024 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 26 அன்று பழைய பூத்துக்கே குடும்பத்தோடு போனோம். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். என் பெயர் மீதும் மனைவி பெயர் மீதும் ‘நீக்கம்’ என்று குறுக்கே அச்சாகியிருந்தது. கார்டைக் காட்டியும் விடவில்லை. அம்மாவின் பெயர் இருந்தது. ஆனால் வேறு ஏதோ ஒரு தாளைப் பார்த்துவிட்டு, ‘இவரும் வீடு மாறியவர்’ என்றார்கள். சங்கடப்பட்டு அம்மாவும் எங்களோடு திரும்பிவிட்டார். இப்போது ஒரு ஏஜென்ட், ஆளுக்கு 1,500 ரூபாய் கொடுத்தால் மூன்று பேருக்கும் புது கார்டு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். ஊரில் என் பெயர் இன்னும் இருக்கிறது என்கிறான் தம்பி. என்ன செய்யலாம்?
வாசகர், ராமமூர்த்தி நகர், பெங்களூர்

பதில்: பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், உங்கள் பெயரில் எந்த ஃபார்ம் போட்டார், அதன் ரெஃபரன்ஸ் நம்பர் என்ன என்பதை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கர்நாடகத்தில் பள்ளி ஆசிரியனாக வேலை பார்த்த காலத்தில் பிரிசைடிங் ஆபீசராகவும் (பூத்தின் தலைமை அலுவலர்) உட்கார்ந்திருக்கிறேன், பி.எல்.ஓ.வாக (பட்டியலைச் சரிபார்க்கும் பூத் நிலை அலுவலர்) வீடு வீடாகப் படியேறியும் இருக்கிறேன். ஒவ்வொரு தேர்தலிலும் வாசலில் கேட்கிற சத்தம் ஒன்றுதான்: “கார்டு இருக்கு சார், ஏன் விட மாட்டேங்கறீங்க?” கார்டு நீங்கள் யார் என்று மட்டும்தான் சொல்லும். உங்களுக்கு அங்கே ஓட்டு இருக்கிறதா என்பதைச் சொல்வது வாக்காளர் பட்டியல். பட்டியலில் பெயர் இருந்து கார்டு தொலைந்துபோயிருந்தால் ஆதார், பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், பான் கார்டு, போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக் என்று ஏதாவது ஒன்றைக் காட்டி ஓட்டுப் போடலாம். (ரேஷன் கார்டு அந்த வரிசையில் இல்லை. வீட்டுக்கு வரும் பூத் ஸ்லிப்பும் 2019 முதல் அடையாளச் சான்று ஆகாது.) பட்டியலில் பெயர் இல்லையென்றால் பத்து கார்டு வைத்திருந்தாலும் பயனில்லை.

இப்போது உங்கள் அம்மா விஷயம். படித்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. அவர் அன்றைக்கு ஓட்டுப் போட்டிருக்கலாம்.

அவர்கள் பார்த்த அந்த இன்னொரு தாளுக்கு எங்கள் வழக்கில் ஏ.எஸ்.டி. லிஸ்ட் என்று பெயர். வீட்டில் இல்லாதவர், வீடு மாறியவர், இறந்தவர் என்று பி.எல்.ஓ. குறித்துக் கொடுத்த, ஆனால் பட்டியலிலிருந்து இன்னும் நீக்கப்படாத பெயர்கள் அதில் இருக்கும். அது தடைப் பட்டியல் அல்ல. இந்தப் பெயரில் வேறு யாராவது வந்து கள்ள ஓட்டுப் போட்டுவிடலாம், உஷார் என்று பிரிசைடிங் ஆபீசருக்குக் கொடுக்கும் எச்சரிக்கை, அவ்வளவுதான். சம்பந்தப்பட்டவரே அடையாளத்தோடு நேரில் வந்தால் ஓட்டுப் போட விட வேண்டும்.

2014 ஏப்ரல் 17 அன்று என் பூத்தில் இதே கதை நடந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முதல் போலிங் ஆபீசர் பெயரை வாசித்ததும் பூத்தில் இருந்த ஒரு கட்சி ஏஜென்ட் எழுந்து, “இவங்க இந்த ஏரியாவுலயே இல்லை” என்றார். அந்த அம்மா அப்போதே திரும்ப ஆரம்பித்துவிட்டார். நான் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கார்டில் இருந்த முகத்தையும் எதிரில் இருந்த முகத்தையும் ஒப்பிட்டேன். தகப்பனார் பெயர், பழைய கதவு எண் கேட்டேன், சரியாகச் சொன்னார். 17ஏ ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கி, பக்கத்திலேயே பெருவிரல் ரேகையும் வாங்கினோம். ஏ.எஸ்.டி. பெயர்களுக்கு இரண்டும் வேண்டும். ஒரு உறுதிமொழித் தாளும் உண்டு. ஐந்து நிமிட வேலை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். உங்கள் அம்மாவுக்கு அந்த ஐந்து நிமிடத்தைத் தர அன்றைக்கு யாருக்கும் பொறுமை இல்லை. இனிமேல் இப்படி நடந்தால், ‘பெயர் பட்டியலில் இருக்கிறது, பிரிசைடிங் ஆபீசரிடம் பேச வேண்டும்’ என்று சொல்லி அங்கேயே நில்லுங்கள். ஸ்லிப் பார்ப்பவர் சொன்னதைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள். அதைவிட, பூத்துக்கு 200 மீட்டருக்கு அப்பால் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர் ‘பெயர் இல்லை’ என்றால் காதிலேயே வாங்காதீர்கள். பட்டியலின் கடைசியில் சேர்ந்திருக்கும் துணைப் பட்டியலை அவர்கள் புரட்டிப் பார்த்து நான் கண்டதே இல்லை.

உங்கள் இரண்டு பேர் பெயரும் ஏன் போனது என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. பி.எல்.ஓ. வந்திருப்பார், பூட்டிய வீடு, பக்கத்து வீட்டுக்காரர் “காலி பண்ணிட்டாங்க” என்று சொல்லியிருப்பார். அம்மா பெயர் தப்பியதற்கு ஒரு காரணமும் தேட வேண்டாம். ஆயிரம் பேருக்கு மேல் உள்ள ஒரு பாகத்துக்கு (ஒரு பூத்துக்கான பட்டியல்) ஒரே ஒரு பி.எல்.ஓ. அவர் அங்கன்வாடி ஊழியராகவோ ஆசிரியராகவோ இருப்பார், சொந்த வேலையை முடித்துவிட்டு மாலையில்தான் கிளம்புவார். அந்த நேரத்தில் மூன்றாவது மாடிக்கு எத்தனை முறைதான் ஏறுவார்? இதை வருடக்கணக்காக மேலே சொல்லியும் ஆயிற்று. புதிதாக ஒரு ஆப் கொடுத்தார்கள், பி.எல்.ஓ. அதே ஒரு ஆள்தான்.

இனி ஏஜென்ட். ‘புது கார்டு’ என்று அவர் சொல்வதன் அர்த்தம், மூன்று பேருக்கும் ஃபார்ம் 6 போடப்போகிறார் என்பது. ஃபார்ம் 6 புதிதாகப் பெயர் சேர்க்க. வீடு மாறியவருக்கு ஃபார்ம் 8. அவருக்கு 6 போடுவதுதான் சுலபம், பழைய விவரம் எதையும் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஃபார்மின் கடைசியில், ‘வேறு எந்தத் தொகுதிப் பட்டியலிலும் என் பெயர் இல்லை’ என்ற உறுதிமொழி இருக்கிறது. அதில் கையெழுத்து ஏஜென்டுடையது அல்ல, உங்களுடையது. உங்கள் பெயர் ஆத்தூரில் இருக்கும்போது அப்படி எழுதிக் கொடுத்தால் அது பொய் உறுதிமொழி. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-வது பிரிவுப்படி ஒரு வருடம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஏஜென்ட் அப்போது போனை எடுக்க மாட்டார்.

இன்னொரு தந்திரம், ஃபார்மில் அவருடைய மொபைல் நம்பரைப் போடுவது. உங்கள் ஓட்டு பற்றிய தகவலும் ஓ.டி.பி.யும் அதன்பிறகு அவருக்குத்தான் போகும். நான் சும்மா பயமுறுத்தவில்லை. 2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் கலபுரகி மாவட்டம் ஆளந்தா தொகுதியில் பெயர் நீக்கச் சொல்லி ஆன்லைனில் 6,018 விண்ணப்பங்கள் வந்தன. விசாரித்துப் பார்த்ததில் சரியானவை 24 மட்டுமே. இங்கே பெங்களூரிலேயே 2022-ல், தேர்தல் அலுவலர்கள் மாதிரி அடையாள அட்டை மாட்டிக்கொண்டு ஒரு தனியார் அமைப்பின் ஆட்கள் வீடு வீடாக விவரம் சேகரித்த விவகாரம் வெடித்தது. நீங்கள் முன்பு இருந்த சிவாஜிநகர் தொகுதியும் அதில் மாட்டியது. ஆகவே ஆதார் ஜெராக்ஸை எவர் கையிலும் கொடுக்காதீர்கள். இந்த ஃபார்ம்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது.

சரி, செய்ய வேண்டியது என்ன? voters.eci.gov.in என்ற தேர்தல் ஆணையத் தளத்தில் மூன்று பேருடைய நிலையையும் முதலில் பாருங்கள். பெயரை வைத்துத் தேடாதீர்கள், கார்டில் உள்ள எபிக் நம்பரை வைத்துத் தேடுங்கள். நம் ஆட்களின் பெயர் கர்நாடகப் பட்டியலில் படுகிற பாடு தனி. நமக்கு இனிஷியல், ஃபார்மிலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். கம்ப்யூட்டர் சென்டர் பையன் அதில் அப்பா பெயரைப் போடுவான், ஊர் பெயரைப் போடுவான், சில சமயம் வெறும் புள்ளி வைப்பான். கன்னடத்தில் ழ கிடையாது, கயல்விழி என்ன ஆவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வந்த ஒரு கார்டில் என் ஊர் பெயரே என் அப்பாவாகிவிட்டது. திருத்த மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். ஆனால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆள் நீங்கள்தான் என்று தெரிந்தால் எழுத்துப் பிழைக்காகப் பூத்தில் திருப்பி அனுப்பக் கூடாது.

தேடிப் பார்த்த பிறகு மூன்று பேருக்கும் மூன்று வழி.

அம்மாவின் பெயர் அல்சூரில் உயிரோடு இருந்தால் ஃபார்ம் 8, முகவரி மாற்றம். உங்களுக்கு ஆத்தூர்ப் பெயர் இருந்தால், அந்த ஆத்தூர் எபிக் நம்பரை வைத்தே ஃபார்ம் 8 போடுங்கள். மாநிலம் மாறினாலும் அதே ஃபார்ம்தான். அங்கே நீங்கி இங்கே சேரும், எபிக் நம்பர் மாறாது. தம்பி சொன்னதை மட்டும் நம்பாதீர்கள். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாட்டில் வெளியூர் போனவர்கள் பெயர் லட்சக்கணக்கில் நீங்கியது. அங்கேயும் உங்கள் பெயர் இல்லையென்றால், அப்போதுதான் ஃபார்ம் 6. மனைவிக்கு வேறெங்கும் பெயர் இல்லையென்றால் அவருக்கு 6 தான் சரி. அதன் தலைப்பில் ‘புதிய வாக்காளர்’ என்றிருக்கும். இத்தனை தேர்தலில் ஓட்டுப் போட்டவர் புதிய வாக்காளரா என்று என்னிடம் கேட்காதீர்கள், வேறு ஃபார்ம் வைக்கவில்லை.

‘ஊரிலும் இருக்கட்டும், இங்கேயும் இருக்கட்டும்’ என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 2019-ல் தமிழ்நாட்டுக்கும் பெங்களூருக்கும் ஒரே நாள், ஏப்ரல் 18. 2024-ல் அங்கே ஏப்ரல் 19, இங்கே 26. ஒரு வாரம் இடைவெளி இருக்கிறதே என்று பஸ் ஏறியவர்களை எனக்குத் தெரியும். மைசூரில் தயாராகிற அந்த மை ஒரு வாரத்தில் போகாது. பூத்தில் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்த பிறகுதான் மேலே விடுவார்கள்.

முகவரிச் சான்றுக்கு லீஸ் அக்ரிமெண்ட் கொண்டு போகாதீர்கள். பதிவு செய்த பத்திரம்தான் செல்லும். நம் ஊரில் யார் பதிவு செய்கிறார்கள்? கரண்ட் பில் ஓனர் பெயரில் இருக்கும், அதுவும் ஆகாது. ஆதாரிலோ பேங்க் பாஸ்புக்கிலோ ராமமூர்த்தி நகர் முகவரியை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஒரு சான்றும் இல்லையென்றாலும் விண்ணப்பிக்கலாம், பி.எல்.ஓ. நேரில் வந்து விசாரிப்பார். ஓனரின் சம்மதம் தேவை என்று எங்கும் இல்லை, அவர் முகம் சுளித்தாலும் போடுங்கள்.

அல்சூருக்கும் ராமமூர்த்தி நகருக்கும் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் அது சிவாஜிநகர் சட்டமன்றத் தொகுதி, பெங்களூர் மத்திய மக்களவைத் தொகுதி, இது கே.ஆர்.புரம், பெங்களூர் வடக்கு. ஆகையால் ‘பக்கம்தானே’ என்று பழைய பெயரிலேயே காலம் தள்ளாதீர்கள்.

தேர்தல் அறிவிக்கட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். வேட்புமனு கடைசி நாளோடு பட்டியல் மூடிவிடும். 2024-ல் இங்கே அது ஏப்ரல் 4. விசாரணைக்கு நாள் வேண்டுமே, அதனால் அதற்குப் பல நாள் முன்பே ஃபார்ம் போயிருக்க வேண்டும். ஏப்ரல் 10-ஆம் தேதி வாக்கில் அலுவலக வாசலில் நின்று சண்டை போட்டவர்களுக்கு யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

விண்ணப்பித்ததும் வரும் ரெஃபரன்ஸ் நம்பரை எழுதி வையுங்கள். இரண்டு வாரத்தில் அசைவு தெரியவில்லை என்றால் 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பி.எல்.ஓ.வின் பெயரும் நம்பரும் தளத்திலேயே கிடைக்கும்; நீங்களே கூப்பிட்டு எப்போது வருவீர்கள் என்று கேட்பது நல்லது. பெரும்பாலும் நீங்களும் மனைவியும் வேலைக்குப் போன நேரத்தில்தான் வருவார். அப்போது வீட்டில் இருக்கப்போவது அம்மா. மூன்று பேருடைய ஆதாரையும் டிவி பக்கத்தில் ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டு, ‘யாராவது வந்து கேட்டால் நாங்கள் மூன்று பேரும் இங்கேதான் இருக்கிறோம் என்று சொல்லுங்கள், கவரைக் காட்டுங்கள், கையில் கொடுத்துவிடாதீர்கள்’ என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.