பழைய கடற்கரைக் கூழாங்கல் அடுக்குக்குள் எரிவாயு எப்படித் தங்கும்?

கேட்டிருப்பது இதுதான்: கனடாவில் பழங்காலக் கடற்கரைக் கூழாங்கல் படிவிலிருந்து எரிவாயு எடுக்கிறார்களாமே, கல்லுக்குள் வாயு எப்படி இருக்கும்? நம்ம ஈரோடு, நாமக்கல் பக்கம் அப்படி ஏதும் கிடைக்குமா?

எனக்குத் திருச்செங்கோடு. வீட்டில் போர்வெல் வண்டி ஓடியது, நான் படித்தது ஜியாலஜி. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் விட மனசு வரவில்லை.

நம்ம ஊரில் பூமிக்கடியில் தண்ணி என்றால் அது பாறை வெடிப்பில் நிற்கிற தண்ணி. துளை போடும் ஹேமர் இறங்க இறங்க வெறும் கல் பவுடராகப் பறக்கும். வெடிப்பைத் தொட்டதும் பவுடர் நனைந்து சேறாக வெளியே வரும். "ஊத்து தட்டிருச்சு கண்ணு" என்பார் எங்கய்யன். பத்தடி தள்ளி வண்டியை நிறுத்தியிருந்தால் ஆயிரம் அடி வரைக்கும் பவுடராகவே போயிருக்கலாம். ஆனால் கூழாங்கல் படிவில் வாயு நிற்பது வெடிப்பில் இல்லை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்தில்.

வீடு கட்டுகிற இடத்திலேயே இதைப் பார்க்கலாம். ஒரு பக்கெட் நிறைய 20 எம்எம் ஜல்லி அள்ளித் தண்ணி ஊற்றுங்கள். பக்கெட்டில் ஏறக்குறைய 40 சதவீதம் தண்ணி பிடிக்கும், ஊற்றிய வேகத்தில் இறங்கும். அதே ஜல்லியில் எம்-சாண்டைக் கலந்து தட்டிவிட்டு ஊற்றினால் கொஞ்சம்தான் இறங்கும், அதுவும் சோம்பலாக. சந்துகளையெல்லாம் மணல் அடைத்துக்கொண்டது.

ஆறு கல்லையும் மணலையும் சேற்றையும் ஒன்றாகத்தான் கொண்டுவந்து கடலில் தள்ளுகிறது. கரையில் அதைச் சலிப்பது அலை. மணலை இழுத்து ஆழத்துக்குக் கொண்டுபோய், கல்லைக் கரையில் விட்டுவிடும். நன்றாகச் சலித்த இடத்தில் சந்து திறந்து கிடக்கும். சற்றுத் தள்ளி, மணலும் கல்லும் கலந்தே படிந்த இடம் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரிந்தாலும் வாயு எடுக்க உதவாது.

நீங்கள் படித்தது அநேகமாக ஆல்பர்ட்டா மாநிலத்தின் வடமேற்கில் உள்ள எல்ம்வொர்த் எரிவாயு வயலாக இருக்கும். அங்கே ஃபாலர் என்று ஓர் அடுக்கு. சுமார் 11 கோடி ஆண்டுக்கு முன் வடக்கே கடல், மேற்கே எழும்பிக்கொண்டிருந்த மலை. மலையிலிருந்து ஆறுகள் உருட்டிவந்தது செர்ட், நம்ம சிக்கிமுக்கிக் கல்லின் சாதி. இன்று அந்தக் கரை ஏறக்குறைய 2 கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அத்தனை எடைக்கடியில் சந்து ரொம்பச் சுருங்கிவிடும், பக்கெட்டின் 40 சதவீதமெல்லாம் மிஞ்சாது. ஆனால் மிஞ்சிய சந்தின் வாய் அகலம். சுற்றியுள்ள மணற்கல்லில் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் மணிகளின் மேலேயே புது குவார்ட்ஸ் வளர்ந்து சந்துகளை அடைத்துவிட்டது. செர்ட் கல்லின் மேல் அது அவ்வளவாக வளரவில்லை. அதனால் மணற்கல்லில் ஊடுருவும் திறன் (கல்லுக்குள் வாயு எவ்வளவு எளிதாக ஓடும் என்பது; அளவு மில்லிடார்சி) 0.1 மில்லிடார்சிக்கும் கீழே, நல்ல கூழாங்கல் அடுக்கிலோ நூற்றுக்கணக்கில். வாயுவைக் கொடுத்த அடுக்கும் பக்கத்திலேயே இருந்தது: கரைக்குப் பின்னால் இருந்த சதுப்புக்காடு புதைந்து நிலக்கரியானது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எங்கும் வாயு மேலே, தண்ணி கீழே என்றுதான் பாடம். எல்ம்வொர்த்தில் தண்ணி சரிவின் மேட்டுப் பக்கம், வாயு பள்ளத்துப் பக்கம். 1976-ல் கண்டுபிடிப்பதற்கு முன்பே அந்த வட்டாரத்தில் இன்னும் ஆழத்தைக் குறிவைத்துப் பல கிணறுகள் இந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு போயிருந்தன. கனேடியன் ஹன்டர் கம்பெனியின் ஜான் மாஸ்டர்ஸும் அவர் ஆட்களும் அந்தப் பழைய கிணறுகளின் பதிவுகளை எடுத்து உட்கார்ந்து திரும்பப் படித்தார்கள். பழைய பதிவை யாரும் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் அது நடந்தது. நம்ம ஊரில் போர் போட்ட மறுநாளே எத்தனை அடியில் என்ன கல் வந்தது என்பதே மறந்துபோகிறது. இதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இனி நம்ம பக்கம். கொங்கு மண்ணுக்கு அடியில் இருப்பது நைஸ், சார்னோக்கைட் மாதிரி உருமாறிய பாறை. சித்தம்பூண்டிப் பாறைக்கெல்லாம் 250 கோடி வயது. வாயு தரக்கூடிய சருகும் சேறும் புதைந்த அடுக்கே இங்கே கிடையாது. காவிரிக் கரைச் சரளை பாறை மேல் மெல்லிசாகப் பரவியது, அவ்வளவு ஆழம் புதையவும் இல்லை. ஃபாலர் அடுக்கு படிந்த அதே கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் வந்துபோன தடம் பார்க்க வேண்டுமென்றால் அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். எரிவாயுக் கிணறு பார்க்க வேண்டுமென்றால் இன்னும் கிழக்கே, குத்தாலம், நரிமணம் பக்கம்.