குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவுக்குச் சட்டப்படி சம்பளம் கொடுப்பது எப்படி?

நாகர்கோவிலில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம், எட்டு மாதக் குழந்தையைப் பார்க்க ஓர் அக்கா வருகிறார், பிஎஃப் கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயமில்லை. பிஎஃப் குறைந்தது 20 பேர், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) குறைந்தது 10 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான். அதனாலேயே வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நாமாகப் பார்த்துச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

எங்கள் வீட்டுக்குத் தக்கலைப் பக்கமிருந்து ஓர் அக்கா வருகிறார். முதல் ஆறு மாதம் எல்லாம் கைக்காசு, வாய்க்கணக்கு. ஒருமுறை 3,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். அதைக் கழித்தாயிற்றா என்று எனக்குச் சந்தேகம் வந்தபோது, "நீங்க சொன்னா சரிதான் மக்களே" என்று சொல்லிவிட்டார். ராத்திரி பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தேடிப் பார்த்தால், அதே பணத்தை இரண்டு மாதம், இரண்டு முறை கழித்திருக்கிறேன்! மறுநாள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது.

அன்றே ஒரு நோட்டு போட்டோம். வேலை நேரம், சம்பளம், லீவு, முன்பணம் எல்லாம் அதில் இருக்கும், இருவரும் கையெழுத்துப் போடுவோம். சம்பளம் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கே போகும். அவர் கணவருடைய கணக்கு வேண்டாம்.

தொகையைப் பொறுத்தவரை, வீட்டு வேலைக்குத் தமிழக அரசு 2018-லேயே குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தது, மணிக்கு 37 ரூபாயிலிருந்து. அன்றைக்கு அதற்குக் கீழே போகக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கணக்கு. கைக்குழந்தையை நாள் முழுக்கத் தூக்கி வைத்திருப்பவருக்கு அது போதவே போதாது.

அப்புறம், வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் கண்டிப்பாகப் பதிய வையுங்கள். 18 வயது முதல் 60 வரை பதியலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் அதன் வழியாகத்தான். ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு நானே கூடப் போனேன். "நமக்கெல்லாம் கார்டு தருவாங்களா?" என்று பஸ்ஸில் மூன்று தடவை கேட்டார். அப்படியே வங்கியில் வருடம் 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டிலும் சேர்த்துவிடுங்கள், 2 லட்சம் வரை கிடைக்கும்.

வாரம் ஒரு நாள் லீவு கொடுங்கள். டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு உங்களுக்கு உள்ளூர் விடுமுறை என்றால் அவருக்கும் விடுமுறைதான். சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.