புது பட்ஜெட் விமான நிறுவனத்தில் கேபின் க்ரூவுக்கு 'பறக்கும் நேரச் சம்பளம்' என்றால் என்ன?

கோத்தகிரிப் பக்கம் வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது. மாதச் சம்பளம் இரண்டு துண்டு: நிலையான அடிப்படைச் சம்பளம் ஒன்று, பறந்த மணிக்கணக்குக்குத் தரும் பணம் இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் 'பறக்கும் நேரச் சம்பளம்'.

இந்த மணிக்கணக்கு, பார்க்கிங்கிலிருந்து விமானம் நகர ஆரம்பித்ததும் ஓடத் தொடங்கி, இறங்கிப் போய் நின்றதும் நின்றுவிடும். அப்போ சீருடை போட்டு விமான நிலையத்துக்கு வந்தது, பயணிகளை ஏற்றி உட்கார வைத்தது, தாமதமான விமானத்துக்காகக் காத்திருந்தது? பெரும்பாலும் கணக்கில் வராது. அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனமான டெல்டாவே 2022-ல்தான் பயணிகள் ஏறும் நேரத்துக்குப் பாதி வீதத்தில் பணம் தர ஆரம்பித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது, விமானம் பறந்தால்தான் காசு. புது நிறுவனத்திடம் விமானங்களும் குறைவு, அதனால் ஆரம்ப மாதங்களில் உங்களுக்குக் கிடைக்கும் மணிநேரமும் குறையலாம்.

நம்ம தேயிலைத் தோட்டக் கணக்கு மாதிரிதான். நாள் கூலி உண்டு, அளவுக்கு மேல் பறித்த கிலோவுக்குத் தனிக் காசு. ஆனால் சரிவு ஏறிப் போன நேரத்தையும் எடை போட வரிசையில் நின்றதையும் தராசு காட்டாது (மழையில் அட்டைக்கடியோடு நின்றாலும்தான்!).

அப்புறம், விளம்பரத்தில் போடும் தொகை மாதாமாதம் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள்; அது பெரும்பாலும் நிறையப் பறந்த மாதத்தின் கணக்கு, எனவே அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.