கட்டி வைக்கச் சொன்னது யார்?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. ஆட்டிசம், பேச்சு வராது. காட்பாடிப் பக்கம் ஒரு தனியார் இல்லத்தில் சேர்த்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம் பார்க்கப் போனேன். இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போட்ட மாதிரி தடம். கேட்டால், “சாயந்திரம் ஆனால் கடிக்கிறான், துண்டால் கட்டிலோடு கட்டுகிறோம், சேர்க்கும்போதே நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்” என்கிறார்கள். மேலாளர் மரியாதையில்லாமல் பேசினார். சாப்பாடும் சரியில்லை. முன்பு ஒருமுறை நானே வாய்ஸ் மெசேஜில் “ரொம்பப் படுத்தினால் கட்டி வையுங்கள்” என்று சொல்லிவிட்டேன். கேஸ் போடலாமா? – குடியாத்தம் வாசகி

பதில்: மேலாளர் பேசியதை விட்டுவிடுங்கள் அம்மா, அதில் கேஸ் இல்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கட்டிய நேரத்தில் உடனடி ஆபத்து இருந்ததா, இல்லை ஆள் குறைவு என்று வழக்கமாகவே கட்டினார்களா? “சாயந்திரம் ஆனால்” என்று அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது. மணி பார்த்துக் கட்டுவதை ஆபத்துத் தடுப்பு என்று எந்த வக்கீலும் வாதாட முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-வது பிரிவே, கட்டுவது வேறு வழியில்லை என்றால் மட்டும், சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவர் அனுமதியோடு, பதிவு செய்து, தேவையான நேரத்துக்குத்தான் என்கிறது. ஆள் பற்றாக்குறை காரணமாகாது. மனநல நிறுவனத்துக்கே இவ்வளவு கெடுபிடி என்றால் சாதாரண இல்லத்துக்கு என்ன அதிகாரம்?

அந்தக் கையெழுத்து செல்லாது. மகனுக்கு 18 தாண்டிவிட்டது. கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு கொடுக்கும் பாதுகாவலர் சான்று இல்லாமல் அவருக்காக நீங்கள் எதற்கும் சம்மதம் தர முடியாது. ஆனால் இதே கத்தி உங்களையும் வெட்டும். நாளை மகனுக்காகக் கேஸ் என்று போனால் “நீங்கள் யார்?” என்று கேட்பார்கள். சான்றுக்கு இந்த வாரமே சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் மனு கொடுங்கள்.

இப்போது அந்த வாய்ஸ் மெசேஜ். ஆற்காட்டிலிருந்து ஒருவர், தம்பிக்காக, என்னைக் கேட்காமலே ஸ்டேஷனுக்குப் போனார். இல்லத்துக்காரர் போனை எடுத்து, அவரும் அனுப்பியிருந்த இதே மாதிரி வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார். இன்ஸ்பெக்டர் இருவரையும் உட்கார வைத்து, “ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்குங்க” என்றார். அன்று இரவே தம்பி ஒரு பையோடு கேட்டுக்கு வெளியே. அவர் செய்த அடுத்த தப்பு, தன் போனிலிருந்து அதை அழித்தது. எதிராளி போனில் இருக்கிறதே! பின்னால் கேஸ் நடந்தபோது குறுக்கு விசாரணையில் ஆடியோவை விட, அழித்ததுதான் அவரை நாறடித்தது. நீங்கள் எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் புதிதாக ஒன்றும் அனுப்பவும் வேண்டாம்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் மகனுக்கு இடம். வீடோ, வேறு இல்லமோ. கூட்டிவந்த அன்றே அரசு மருத்துவமனையில் காட்டி ஏ.ஆர். காப்பி (காயத்தைக் குறிக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்குங்கள். தடம் சீக்கிரம் மறையும், இப்போதே மங்கியிருக்கும். தினசரிப் பதிவேடு, கொடுத்த மாத்திரைகளின் பட்டியல் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். சாயந்திரத் துண்டுக்குப் பதிலாகத் தூக்க மாத்திரை போட்டு அடக்கும் இடங்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், என்னைக் கேட்டால், பேசி முடியுங்கள். டெபாசிட்டையும் ஆவணங்களையும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். “எந்தக் குறையும் இல்லை” என்ற தாளை நீட்டுவார்கள்; அதில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். சாப்பாடு ருசியில்லை என்பது வேறு. வேண்டுமென்றே சாப்பாடோ தண்ணீரோ தராமல் விட்டிருந்தால் கதையே மாறும்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 92, ஆறு மாதம் முதல் 5 வருடம் வரை சிறை. அப்போது சமரசம் கூடாது. அதே சட்டத்தின் பிரிவு 7-ன்படி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) புகார் கொடுங்கள். அதற்குப் பாதுகாவலர் சான்றும் தேவையில்லை.

புது இடத்துப் படிவத்தில் “தேவைப்பட்டால் கட்டுப்படுத்தலாம்” என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். சாயந்திரம் அவர் ஏன் கடிக்கிறார், மிக்ஸி சத்தமா, பசியா, கூட்டமா, அப்போது யார் என்ன செய்ய வேண்டும் என்று அந்த இடத்தில் எழுதச் சொல்லுங்கள்.