வாசகர் கேள்வி: வளராத டிஸ்கஸ் மீன்கள்

கேள்வி: ஏழு மாதங்களாக என்னிடமுள்ள டிஸ்கஸ் மீன்கள் நன்றாக உண்டும் மூன்று அங்குலத்தைத் தாண்டவில்லை. கிணற்று நீரின் கடினத்தன்மைதான் காரணமா?
– வாசகி, கோப்பாய்

பதில்: அமேசன் ஆற்றுப் படுகையின் மென்னீருக்குரிய இனமாயினும், பண்ணைகளில் பெருக்கப்பட்ட டிஸ்கஸ்கள் ஓரளவு கடின நீரிலும் வளரக்கூடியவை என்பதால், எங்கள் சுண்ணக்கல் நிலத்தின் மீது மட்டும் பழிபோட நான் விரும்பவில்லை. தோட்டங்களுக்கு இடும் உரத்தினால் யாழ் குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று (நைட்ரேட் என்னும் நைதரசன் சேர்மம்) மிகுந்துள்ளது. அதனுடன் தொட்டியின் கழிவும் சேரும்போது, முதலாண்டில் விரைந்து வளரவேண்டிய குஞ்சுகள் குன்றிவிடுகின்றன. அத்தகைய கிணற்று நீரைக் கொண்டு தொட்டி நீரை எவ்வளவு மாற்றினாலும் நைத்திரேற்று கிணற்றிலுள்ள அளவுக்குக் கீழே குறையாது. ஆகவே முதலில் கிணற்று நீரைச் சோதித்து, அளவு அதிகமாயின், சேமித்த தூய மழைநீரைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். வெப்பநிலை 28 முதல் 30 பாகை செல்சியசாக இருக்கட்டும். உணவை நாளுக்கு நான்கைந்து முறை சிறு அளவில் கொடுத்து, எஞ்சியதை உடனே அகற்றுங்கள். வெண்ணிற நூல் போன்ற கழிவு தென்பட்டால் குடல் ஒட்டுண்ணியையும் சந்தேகிக்க வேண்டும்.

உடலுக்குப் பொருந்தாமல் கண் பெரிதாகத் தோன்றும் மீன்கள் முழு அளவை எட்டுவது அரிது. எனினும், நல்ல நீரில் அவை நலமாக வாழும் என்பதால் அவற்றைக் கைவிடாதீர்கள்.